ஜேசிபி வருவதற்கு முன்: நெல்லைச் சீமையில் தொன்மைச் சின்னங்களுக்காக வக்கீல் தொழில் செய்வது எப்படி

கோயில் திருப்பணியைப் பொறுத்தவரை, நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நாள் பாலாலயத்துக்கு (வேலை தொடங்குமுன் தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு) முன்பே வந்துவிடுகிறது. பாலாலயம் முடிந்து சாரம் கட்டிவிட்டால் வேலை ஓட ஆரம்பித்துவிடும். மனு எண்ணாகி, பட்டியலில் ஏறி, அரசு வக்கீல் துறையிடம் விவரம் கேட்க ஒரு வாரம் வாங்கி முடிப்பதற்குள் மணல் பீய்ச்சும் குழாய் அதிஷ்டானத்தை, அதாவது கோயிலின் கல் அடித்தளத்தை, ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கும். கல்லில் எழுத்து நிற்பது சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான். அது உதிர்ந்தபின் எந்தத் தீர்ப்பாலும் மீட்க முடியாது. அதனால்தான் இந்தத் தொழிலில் வாதத் திறமையைவிட, சேதம் வருமுன் கட்டி வைத்த கோப்புக்கு மதிப்பு அதிகம். அந்தக் கோப்பைக் கட்டுவது எப்படி, எந்த வாசலில் தட்டுவது, எங்கே சறுக்கும் என்பதைத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இந்த வேலையை எடுத்துச் செய்ய விரும்பும் இளம் வக்கீல்களுக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் இங்கே சொல்கிறோம்.

முதல் கேள்வி: இது யார் கையில் இருக்கிறது?

கட்சிக்காரர் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அதன் வயதையும் அழகையும் குறித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் முதலில் தீர்க்க வேண்டியது, அது எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறது என்பதைத்தான்.

ஆதிச்சநல்லூர் பறம்பும் திருவாலீஸ்வரம் கோயிலும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றுக்கு 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம். கழுகுமலை வெட்டுவான் கோயில் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. அதற்கு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். இந்தச் சீமையின் பெரும்பாலான கோயில்கள் இவ்விரண்டிலும் வராமல், 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் கீழ் மட்டும் இருக்கின்றன. ஆற்றங்கரைக் கல்மண்டபங்கள் பல நீர்வளத் துறை நிலத்திலோ வருவாய்த் துறைப் புறம்போக்கிலோ கிடக்கின்றன. 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் போன்றவை சாலையோடு சேர்ந்தவை. தேவாலயச் சொத்து பெரும்பாலும் திருமண்டலமோ மறைமாவட்டமோ அமைத்த அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரில் இருக்கும். பள்ளிவாசல், தர்கா என்றால் வக்ஃப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. “நூறு வருஷம் ஆகிவிட்டது, ஆகவே பாதுகாக்கப்பட்ட சின்னம்” என்று மனுவில் எழுதிவிடுவார்கள். நூறு ஆண்டு என்பது தகுதி மட்டுமே. மத்தியச் சட்டத்தில், அறிவிக்கும் எண்ணத்தை அரசிதழில் வெளியிட்டு, இரண்டு மாதம் ஆட்சேபம் கேட்டு, அதன் பிறகு இறுதி அறிவிக்கை வந்தால்தான் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். அரசிதழ் நகல் கையில் இல்லாமல் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு முதல் அமர்விலேயே அதைத்தான் கேட்கும்.

நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள், பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள்: அறிவிக்கை எண், நாள், சர்வே எண், பரப்பு, எல்லை வரைபடத்தின் நகல். “ஏன் பராமரிக்கவில்லை?” என்று விளக்கம் கேட்டால், அது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு மாதம் வீணாகும்.

பழைய அறிவிக்கையில் உள்ள சர்வே எண் இன்றைய எண்ணாக இருக்க வாய்ப்பு குறைவு. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புப் பணியில் எண்களும் உட்பிரிவுகளும் மாறியிருக்கின்றன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டும் ஒப்பீட்டு விவரத்தைத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிக் கோப்பின் முதல் பத்துப் பக்கத்துக்குள் வையுங்கள்.

100 மீட்டர், அதன் பிறகு 200 மீட்டர்

மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. 1992 ஜூன் 16-ஆம் நாள் அறிவிக்கையில் வந்த இந்த அளவுகளை 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. உங்களிடம் முதலில் வரும் கட்சிக்காரர் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள் வீடு வைத்திருப்பவராகத்தான் இருப்பார். அவரை எதிரியாக நினைக்கக் கூடாது. சட்டத்தை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் சின்னத்துக்கு முதல் காவலர் அவரே.

அளவு தொடங்குவது பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லையிலிருந்து. கோபுரத்திலிருந்தோ கருவறையிலிருந்தோ அல்ல. இந்த ஒரு பிழையால் வீடு வெளியே இருப்பதாக நம்பிக் கட்டி, பிறகு அறிவிப்பு வாங்கியவர்கள் உண்டு. புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அளவு வரைபடம்) எல்லைக்கல்லைக் குறித்து, உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு அளந்து, கையெழுத்தும் நாளும் போட்டு வாங்குங்கள். கைபேசி வரைபடத்தில் அளந்தது முதற்கட்ட யோசனைக்கு மட்டும் போதும்.

சட்டத்தில் மூன்று சொற்கள் தனித்தனிப் பொருளில் வருகின்றன. புதிதாக எழுப்புவதும், மேலே மாடி போடுவதும், பக்கவாட்டில் நீட்டுவதும் ‘கட்டுமானம்’. இருந்த கட்டடத்தை அதே நீள அகலம், அதே உயரத்தில் மீண்டும் எழுப்புவது ‘மறுகட்டுமானம்’. இருக்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றம் ‘பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு’. தடைப் பகுதிக்குள் தனியார் வீட்டுக்கு அனுமதி கேட்க முடிவது மூன்றாவதற்கு மட்டும். அதுவும் 1992 ஜூன் 16-க்கு முன் இருந்த வீடாகவோ, பிறகு மத்திய தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டியதாகவோ இருக்க வேண்டும். ஆகவே கட்சிக்காரரிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: தடைப் பகுதிக்குள் இருக்கும் பழைய வீட்டை இடித்துவிட்டால் மறுபடி கட்ட முடியாது. சுவர் வெடித்திருந்தாலும் நிற்கட்டும், பழுதுபார்க்க அனுமதி வாங்கலாம். ‘இடித்துவிட்டு மனுப் போடலாம்’ என்று கொத்தனார் சொன்னதைக் கேட்டு வீட்டை இழந்தால் அதற்கு நிவாரணம் கிடையாது.

விண்ணப்பம் தகுதியுள்ள அதிகாரிக்குப் போகும். அவர் 15 நாளுக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஆக, தாமதமில்லாமல் நடந்தாலே மூன்றரை மாதம் வரை ஆகும். கார்த்திகையில் மழை பெய்து சுவர் இறங்கிய பிறகு ஓடி வருபவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அதிர்ந்துபோவார். சித்திரையிலேயே மனுப் போடச் சொல்லிப் பழக்குங்கள். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை ஆகியவற்றோடு சேர்ந்த மொத்த உயரம், அஸ்திவார ஆழம், நான்கு பக்கப் புகைப்படம், 1992-க்கு முந்தைய வீட்டு வரி ரசீது அல்லது மின் இணைப்புச் சான்று ஆகியவற்றை முதலிலேயே சேர்த்துவிட்டால் குறிப்புப் போட்டுத் திருப்ப இடமிருக்காது.

அனுமதியின்றிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே கட்டவிட்ட அதிகாரிக்கு மூன்று ஆண்டு வரை போகும். அதிகாரிக்கான இந்தத் தண்டனையைச் சட்ட அறிவிப்பில் ஒரு வரி குறிப்பிட்டாலே சில கோப்புகள் நகர்ந்துவிடும்.

காகிதம் எங்கே கிடக்கிறது

நெல்லைச் சீமையின் ஆவணங்கள் ஒரே இடத்தில் இல்லை. தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபரிலும் தென்காசி மாவட்டம் 2019 நவம்பரிலும் பிரிந்தன. ஸ்ரீவைகுண்டம் வட்டத்துப் பழைய கோப்பு கொக்கிரகுளம் ஆட்சியரகப் பதிவறையில் இருக்கலாம். “இங்கே இல்லை” என்று ஒரு அலுவலகம் எழுத்தில் தந்தால் அதையும் கோப்பில் வையுங்கள், அடுத்த அலுவலகத்தில் உதவும். செங்கோட்டை இன்னும் சிக்கலானது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை அது திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம் இருந்ததால் பழைய செட்டில்மென்ட் பதிவுகளுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டிவரும். மலையாளம் படிக்கத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் அங்கே பெரிய துணை.

தேடும் வரிசை இப்படி இருந்தால் நல்லது. இன்றைய ‘அ’ பதிவேடு (கிராம நில விவரம்), அடங்கல் (பயிர்க் கணக்கு), புலப்படம். பிறகு யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு. பிறகு 19-ஆம் நூற்றாண்டின் இனாம் பதிவேடு. கடைசியில் சொன்னதுதான் கோயில், சத்திரம், தர்ம மண்டப வழக்குகளில் உயிர்நாடி. எந்த நிலம், எந்த தர்மத்துக்கு, யார் பெயரில் மானியமாக விடப்பட்டது என்று அதில் இருக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். கிராமத்தின் பழைய பெயரும் வட்டமும் தெரியாமல் போனால் தேட முடியாது. ஜமீன் நிலமாக இருந்திருந்தால் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் நடவடிக்கைகளையும், சிறு இனாமாக இருந்தால் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டா உத்தரவையும் பார்க்காமல் உரிமை பற்றி எழுதாதீர்கள். இடையில் ஒருவர் பெயருக்கு ரயத்துவாரிப் பட்டா (அரசிடமிருந்து நேரடியாகப் பெறும் தனிநபர் நில உரிமை) போயிருந்தால் உங்கள் வழக்கின் திசையே மாறும்.

பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும். நம் பக்கம் அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரையிலான நாளுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி வரையிலான நாளுக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் 825 கூட்டி, ஒரு வருடம் தள்ளித் தேதி போட்டு, ஆவணங்களின் முன்பின் வரிசையே குலைந்துபோவது அடிக்கடி நடக்கிறது. நில அளவு ‘கோட்டை விதைப்பாடு’, ‘மரக்கால் விதைப்பாடு’ என்று விதை நெல்லின் அளவால் சொல்லியிருந்தால் நீங்களாக ஏக்கருக்கு மாற்றாதீர்கள். அதே நிலத்தின் பிந்தைய பதிவில் ஏக்கர் கணக்கு இருக்கிறதா என்று தேடி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கல்லும் ஒரு ஆவணம்

சாட்சியச் சட்டத்தில் ‘ஆவணம்’ என்ற சொல்லுக்குத் தரப்படும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, உலோகத் தகட்டிலோ கல்லிலோ உள்ள பொறிப்பு. பழைய சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் இருக்கிறது. எனவே கல்வெட்டு உங்கள் வழக்கில் அலங்காரமாக வர வேண்டியதில்லை, சான்றாவணமாகவே வரலாம். ஆனால் மூலச் சான்று அந்தக் கல்தான். மைப்படியும் (கல்லில் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) புகைப்படமும் அதன் நகல்கள். படித்துச் சொல்வது நிபுணர் கருத்து. மூன்றையும் கலந்துவிடாதீர்கள். கல் இருக்கும் இடத்தின் வரைபடம், மைப்படி அல்லது படம், படித்தவரின் பிரமாணப் பத்திரம் என்று தனித்தனியாகக் குறியீடு செய்யுங்கள். படியெடுத்த கல்வெட்டுகளை மத்திய தொல்லியல் துறை பட்டியலிடும் கல்வெட்டு ஆண்டறிக்கையில் அந்தக் கல்வெட்டுக்கு ஏற்கெனவே எண் இருந்தால், “இந்த ஆண்டில் இந்தச் சுவரில் இது இருந்தது” என்பதற்கு அதைவிட வலுவான அரசுப் பதிவு கிடையாது. இன்று காணாமல் போயிருந்தால் சேதத்தை நிரூபிக்கவும் அதே பதிவுதான்.

நீங்கள் கல்வெட்டறிஞர் ஆக வேண்டியதில்லை, ஆனால் ஏமாறாத அளவு தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சீமையின் முற்காலக் கல்வெட்டுகளில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறை மிகுதி. சோழர் ஆட்சி வந்த பிறகுதான் தமிழெழுத்து பரவியது. பாண்டியர் கல்வெட்டில் ‘2-ஆவதின் எதிர் 13’ என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் 15-ஆம் ஆட்சியாண்டு என்று கொள்ள வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல், தொல்லியல் துறை போன்ற இடங்களில் படித்தவர்களோடு ஒரு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க மாலை நேரமே நல்லது. விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பும். எண்ணெய் தடவாதீர்கள், கறை நிரந்தரமாகிவிடும். சுண்ணக்கட்டி, கோலமாவு தேய்ப்பதும் வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் இருக்கட்டும். முதலில் முழுச் சுவர், பிறகு அதன் பகுதி, பிறகு வரி என்று மூன்று நிலையில் எடுங்கள். அருகிலிருந்து எடுத்த படம் மட்டும் இருந்தால் எந்தச் சுவர் என்று குறுக்கு விசாரணையில் நிற்க முடியாது. எடுத்த அன்றே மூலக் கோப்புகளின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) குறித்துவிடுங்கள். பாரதிய சாட்சிய அதினியத்தில் மின்னணுச் சான்றுக்கான 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அதைக் கேட்கிறார்கள். சான்றிதழின் ஒரு பகுதியை நீங்களும் மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து இதைச் செய்ய முடியாது.

திருப்பணி: சேதம் பெரும்பாலும் பக்தியோடுதான் வருகிறது

கோயிலை யாரும் கெடுக்க நினைத்துக் கெடுப்பதில்லை. கிரானைட் பளபளக்க வேண்டும், தரை வழுக்காமல் இருக்க வேண்டும், கோபுரம் புதிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில்தான் பெரும் சேதம் நடக்கிறது. அதிலும் உபயதாரர் (திருப்பணிக்குப் பணம் தரும் பக்தர்) செலவில் நடக்கும் வேலை ஒப்பந்தப்புள்ளி நடைமுறைக்கு வெளியே போய்விடுவதால் விவரக்குறிப்பே இல்லாமல் நடந்துவிடுகிறது. எதைக் கவனிப்பது?

மணல் பீய்ச்சுவது கல்லின் மேல்தோலையே உரித்துவிடும். பிறகு கல் தண்ணீரை அதிகம் உறிஞ்சும், எழுத்தின் விளிம்பு மழுங்கும். பிரகாரத்தில் தளக்கல் போட்டுத் தரையை உயர்த்தினால் அதிஷ்டானத்தின் கீழடுக்குகளான உபானமும் ஜகதியும் புதைந்து, அவற்றில் இருக்கும் கல்வெட்டு மண்ணுக்குள் போய்விடும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய செங்கல் கோபுரத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும், உப்பு படிகமாகி செங்கல்லைத் தூளாக்கும். பூசிய இரண்டாம் மழையிலேயே சுதை உருவங்கள் தட்டுத் தட்டாகக் கழன்று விழுவதற்குக் காரணம் இதுதான். திருப்புடைமருதூர் கோபுரத்தின் உள்நிலைகளில் இருப்பது போன்ற ஓவியங்களுக்கும் மரவேலைக்கும் முதல் எதிரி மேலிருந்து கசியும் நீர். அங்கே வண்ணத்தைத் தொடுவதற்கு முன் மேல்தளத்தைப் பார்க்க வேண்டும். கல்மண்டபத்தைப் பிரித்துக் கட்டினால் கல்லுக்கு எண் போடாமல் அடுக்கி, பாதிக் கல்வெட்டு கூரையிலும் மீதி தரையிலும் போய்ச் சேரும்.

அறநிலையத் துறைத் திருப்பணி மண்டல அளவிலான வல்லுநர் குழு, மாநில அளவிலான வல்லுநர் குழு என்று ஒப்புதல் வாங்கித்தான் நடக்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது அந்த ஒப்புதல் உத்தரவும் அதோடு இணைந்த மதிப்பீடும் வரைபடமும்தான். குழு அனுமதித்தது ஒன்று, களத்தில் நடப்பது வேறு என்று காட்டிவிட்டால் வழக்கில் முக்கால் பங்கு முடிந்தது. கும்பாபிஷேகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம் என்பதால், உங்கள் வட்டத்துக் கோயில்களுக்குக் கடைசிக் கும்பாபிஷேக ஆண்டை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் ஆண்டு நெருங்கும் கோயிலின் கோப்பை முதலில் கட்டுங்கள்.

ஒப்பந்தம் எழுதித்தரச் சொல்லி நிர்வாகமோ உபயதாரரோ வந்தால் அது நல்ல வாய்ப்பு, விடாதீர்கள். அதில் இவை இருக்கட்டும்: இயந்திரத்தால் மணலோ நீரோ அழுத்தமாகப் பீய்ச்சக் கூடாது; பூச்சுச் சாந்தில் சிமென்ட் கலக்கக் கூடாது; சுண்ணாம்பு ஊறவைக்கும் கால அளவும், கடுக்காய், கருப்பட்டிச் சேர்க்கையும் ஸ்தபதி எழுதித்தந்தபடி இணைப்பாக வர வேண்டும்; முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரி செய்து காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்; பிரிக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணும் படமும் இருக்க வேண்டும், எண்ணை மறைந்துபோகும் இணைப்பு முகத்தில் எழுத வேண்டும். தவணைப் பணத்தை வேலை அளவோடு மட்டும் கட்டாமல் இந்தப் பதிவுகளை ஒப்படைப்பதோடும் சேர்த்துக் கட்டுங்கள். பணம் நிற்கும் என்றால்தான் படம் வரும்.

எந்த மன்றத்துக்குப் போவது

அறநிலையத் துறைக் கோயிலுக்காக, பொது அறக்கட்டளைகள் பற்றிய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் வழக்குப் போடத் துடிக்கும் ஜூனியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறநிலையச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அந்த வழியை அடைத்திருக்கிறது, 108-ஆம் பிரிவு உரிமையியல் வழக்குக்குத் தடையும் வைத்திருக்கிறது. தேவாலய அறக்கட்டளை போன்ற பிற பொது அறங்களுக்கு 92-ஆம் பிரிவு பொருந்தும். அக்கறை உள்ள இரண்டு பேராவது சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்றுத் தொடுக்க வேண்டும். கோயில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டதோ விற்றதோ ஆணையரின் அனுமதியில்லாமல் நடந்திருந்தால் 34-ஆம் பிரிவு. ஆக்கிரமிப்பு என்றால் 78, 79-ஆம் பிரிவுகளில் இணை ஆணையரிடம். புறம்போக்கில் நிற்கும் மண்டபத்தை மறித்துக் கடை போட்டிருந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் தாசில்தாரிடம்.

துறையே சட்டத்தை மீறும்போது, 2004 ஜூலை 24 முதல் இயங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். செயலுறுத்தும் பேராணை (கடமையைச் செய்யும்படி அதிகாரிக்கு இடும் நீதிமன்ற உத்தரவு) கேட்கும் முன் கோரிக்கை மனு கொடுத்திருக்க வேண்டும். பதிவுத் தபாலில் செயல் அலுவலர் அல்லது தக்கார் (அறங்காவலர் இடத்தில் துறை நியமித்த பொறுப்பாளர்), இணை ஆணையர், தொல்லியல் துறை, ஆட்சியர் நால்வருக்கும் அனுப்பி ஒப்புகை அட்டைகளைச் சேருங்கள். வேலை நடந்துகொண்டிருந்தால் பதிலுக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை, அவசரத்தை நாளிட்ட படங்களால் காட்டுங்கள். செயல் அலுவலரைத் தரப்பினராகச் சேர்க்காமல் துறைச் செயலாளரை மட்டும் சேர்த்தால், தடை உத்தரவு களத்துக்கு வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

கோரிக்கையை எழுதுவதில்தான் அனுபவம் தெரியும். ‘கோயிலைப் பாதுகாக்க உத்தரவிட வேண்டும்’ என்று கேட்டால் ‘பரிசீலிக்கவும்’ என்ற உத்தரவோடு முடியும். வல்லுநர் குழு ஒப்புதலைத் தாக்கல் செய்ய வேண்டும், அதுவரை இன்ன சுவரில் இயந்திர வேலை கூடாது, தொல்லியல் அலுவலர் இத்தனை வாரத்தில் நேரில் பார்த்துப் படங்களோடு அறிக்கை தர வேண்டும் என்று கேளுங்கள். நிறைவேற்றியதா இல்லையா என்று சரிபார்க்க முடிகிற கோரிக்கைக்குத்தான் அவமதிப்பு மனுவும் நிற்கும்.

முன்தீர்ப்புகளில், 2021 ஜூன் 7-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் கோயில்கள், சின்னங்கள், சிலைகள் பற்றிப் பிறப்பித்த 75 வழிகாட்டுதல்களை வரி வரியாகப் படித்துவிடுங்கள். சிம்லா வைஸ்ராய் மாளிகை பற்றிய ராஜீவ் மன்கோடியா வழக்கும் (1997), ஜம்புநாதேஸ்வரர் கோயில் அருகே சுரங்கம் தோண்டியது பற்றிய குருபிரசாத் ராவ் வழக்கும் (2013) உச்ச நீதிமன்றத்திலிருந்து கைவசம் இருக்க வேண்டியவை. குவாரி வழக்கு வந்தால் இரண்டாவதுதான் உங்கள் அடித்தளம்.

அக்ரகார வீடும் பங்காளிச் சண்டையும்

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துத் தெருவீடுகள் இடிவதற்கு முதல் காரணம் கறையான் இல்லை, பாகப்பிரிவினை. எட்டுப் பங்குக்காரர், மூன்று பேர் வெளிநாட்டில், ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டார் என்று வரும். 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இங்கே கைகொடுக்கும். வீட்டைப் பிரிப்பது வசதிப்படாது என்று நீதிமன்றம் கருதி, பாதிப் பங்குக்குக் குறையாதவர்கள் விற்கக் கேட்டால் 2-ஆம் பிரிவில் விற்பனைக்கு உத்தரவிடலாம். அப்போது மற்றப் பங்குக்காரர் மதிப்பீட்டு விலைக்குத் தானே வாங்கிக்கொள்ள 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. பங்கை வாங்கிய வெளியாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால் குடும்பத்தார் அந்தப் பங்கை விலைக்கு வாங்க 4-ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டைக் காக்க விரும்புகிற ஒருவராவது குடும்பத்தில் இருந்தால் இந்த மூன்று பிரிவும் போதும்.

அமெரிக்காவில், நம் மாநிலச் சட்டம் வந்த அதே 1966-இல் அவர்களுடைய பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வீட்டு முகப்பை மாற்றமாட்டேன் என்று உரிமையாளர் ஓர் அமைப்புக்கு வசதியுரிமை (easement) எழுதிக்கொடுக்கும் முறை அங்கே பரவலாக இருக்கிறது. அந்த மாதிரிப் பத்திரத்தை இங்கே தமிழ்ப்படுத்திப் பதிவு செய்தால் நிற்காது. நம் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, உரிமை அனுபவிக்கும் ஒரு நிலம் இருந்தாக வேண்டும். நிலமில்லாத அமைப்புக்கு அந்த உரிமை ஒட்டாது. அறக்கட்டளையின் பெயருக்கே வீட்டை எழுதிவைப்பதும், குடும்ப ஏற்பாட்டுப் பத்திரத்தில் இடிக்காமை நிபந்தனையைப் போட்டுப் பதிவு செய்வதும் இங்கே உறுதியான வழிகள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அந்த நிபந்தனையை, அது தெரிந்து வாங்குகிறவர் வரைக்கும் கொண்டுபோகும். தெரியாது என்று சொல்ல முடியாதபடி வில்லங்கச் சான்றில் வரவைப்பது உங்கள் வேலை.

சிலை

கல்லிடைக்குறிச்சி நடராசர் 1982-இல் களவுபோய், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் அருங்காட்சியகத்திலிருந்து 2019-இல் திரும்பி வந்தார். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம் அடையாளத்துக்குப் பெருந்துணையானது. படம் இல்லாத சிலை வெளிநாட்டில் கண்ணெதிரே நின்றாலும் நம்முடையது என்று நிரூபிப்பது கடினம். ஆகவே உங்கள் கோயில் கோப்பில் ஒவ்வொரு உலோகத் திருமேனிக்கும் நான்கு பக்கப் படம், சென்டிமீட்டரில் உயரமும் பீட அகலமும், திருவாசியின் (சிலையைச் சுற்றிய வளைவு) சுடர்களின் எண்ணிக்கை, உடைவு, ஒட்டு, தேய்மானத் தழும்புகள் இருக்க வேண்டும். புகாரில் ‘ஐம்பொன் நடராசர் சிலை ஒன்று’ என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. கிணறு தோண்டும்போது கிடைத்ததென்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும். கண்டெடுத்தவரைப் பயமுறுத்தாமல் உடனே எழுத்தில் கொடுக்க வையுங்கள், அதுவே அவருக்குப் பாதுகாப்பு.

படிப்பும் பிழைப்பும்

பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டு, அல்லது பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பார் கவுன்சில் பதிவுக் கட்டணத்தைச் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125) வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் அகில இந்திய பார் தேர்வு.

முதல் மூன்று ஆண்டு நல்ல சிவில் சீனியரிடம் இருங்கள். தொன்மை வழக்கு என்பது முக்கால்வாசி நில வழக்கு, பத்திரம் படிக்கத் தெரியாதவர் இதில் தேற மாட்டார். வருமானம் பொதுநல மனுவில் வராது. தடைப் பகுதி, ஒழுங்குமுறைப் பகுதி வீடுகளுக்கான தடையின்மைச் சான்று விண்ணப்பம், கோயில், மட, தேவாலயச் சொத்துகளின் உரிமை ஆய்வு, திருப்பணி ஒப்பந்தம், பாகப்பிரிவினை, பிறகு துறைகளின் வழக்கறிஞர் பட்டியலில் இடம் என்று வரும். பட்டியலில் இருந்துகொண்டே அதே துறைக்கு எதிராக ஆஜராக முடியாது, யோசித்துச் சேருங்கள். மீட்ட சொத்தில் பங்கு, வென்றால் இவ்வளவு சதவீதம் என்று கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். விளம்பரமும் கூடாது. இந்த வேலை வாய்வழியாகத்தான் வரும், அதற்கு ஐந்தாறு ஆண்டு பிடிக்கும்.

தென்காசிக் கோயிலில் பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து அதைச் சரிசெய்பவர் யாராயினும் அவரைப் பணிகிறேன் என்று 15-ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஒருமுறை போய் நின்று படித்துவிட்டு வாருங்கள்.

பழக, முதல் ஆண்டிலேயே உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோயிலோ மண்டபமோ எடுத்து, வழக்கு எதுவும் இல்லாமலே முழுக் கோப்பு ஒன்று கட்டுங்கள்: சர்வே எண் ஒப்பீடு, இனாம் பதிவு நகல், கல்வெட்டு எண்கள், சுவர்வாரிப் படங்கள், அளவுகள், திருமேனிப் பட்டியல். முடிந்ததும் ஒரு நகலைச் செயல் அலுவலரிடம் கொடுத்து, உங்கள் படியில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குச் சாரம் கட்டும்போது, அந்தச் சுவரில் கல்வெட்டு இருந்தது எங்களுக்குத் தெரியாது என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.